பறவை ஆச்சி பதில்கள்: குருவிக்கும் ஊர்ப்பேச்சு உண்டா?

தை பிறந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் கண்ணை விட்டுக் காதுக்கு மாறிவிடுகின்றன. மழைக்காலம் முழுக்க "ஊருணியில் நிற்கும் இந்த நெடுங்காலன் யார்?" என்று கேட்டவர்கள், இப்போது "விடியுமுன் எங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறவன் யார்?" என்று கேட்கிறார்கள். இம்முறை பலரும் ஒரே விஷயத்தை வேறு வேறு வாசல் வழியாகத் தொட்டிருக்கிறீர்கள். ஆகவே மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். மயில் தொல்லை பற்றி எழுதிய கல்லல் அன்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும். மயில் எங்கும் போய்விடாது.

ஆச்சி, எனக்குப் பிறந்த வீடு தேவகோட்டை, வாழ்வது கோயம்புத்தூர். கோவையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குண்டுக்கரிச்சான் என்னும் கறுப்பு வெள்ளைப் பறவை கோடை விடியலில் நிறுத்தாமல் பாடுகிறது. பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வந்தால், முருங்கை மரத்தில் இருக்கும் அதே இனத்துப் பறவை ஒற்றை விசிலும் 'கர்ர்' என்று ஓர் அதட்டலும் தவிர வேறெதுவும் சொல்வதில்லை. நமக்குக் கொங்குத் தமிழ், செட்டிநாட்டுத் தமிழ் என்று இருப்பதுபோல் பறவைக்கும் உண்டா? எங்கள் ஊர்ப் பறவை மட்டும் ஏன் இவ்வளவு சிடுசிடுப்பு?
— வாசகி, கோயம்புத்தூர்

முதலில் உங்கள் ஊர்ப் பறவையின் மானத்தைக் காப்பாற்றிவிடுகிறேன். பிள்ளையார் நோன்பு எப்போது வருகிறது? திருக்கார்த்திகையிலிருந்து எண்ணி 21ஆம் நாளை ஒட்டி, மார்கழிக் குளிரில். குண்டுக்கரிச்சான் பாடுவது கூடு கட்டும் பருவத்தில். நம் நாட்டில் அதற்குப் பெரும்பாலும் மார்ச்சிலிருந்து ஜூலை வரை. மார்கழியில் அது யாருக்காகப் பாட வேண்டும்? துணையை அழைக்கிற அவசரம் இல்லை. அந்த மாதங்களில் விசிலும் அதட்டலும் போதும் என்று இருந்துவிடுகிறது. நீங்கள் கோவையின் கோடை விடியலைத் தேவகோட்டையின் மார்கழிப் பகலோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். பங்குனியில் ஒரு நாள் ஐந்து மணிக்கு அந்த முருங்கை மரத்தடியில் வந்து நில்லுங்கள். பிறகு சிடுசிடுப்பு என்று எழுத உங்களுக்கே மனம் வராது.

இனி பெரிய கேள்வி. உண்டு, பறவைகளிடம் வட்டார வழக்கு உண்டு. ஆனால் எல்லாப் பறவைகளிடமும் இல்லை. ஒரே பறவையின் எல்லாக் குரல்களிலும் இல்லை.

பறவை உலகில் குரலைக் கேட்டுக் கற்றுக்கொள்ளும் கூட்டங்கள் மூன்று: பாடும்பறவைகள், கிளிகள், அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் வாழும் ஓசனிச்சிட்டுகள் (ஹம்மிங் பறவைகள்). நம் தோட்டத்துக் குண்டுக்கரிச்சான், சின்னான், தையல்சிட்டு, தேன்சிட்டு, மைனா எல்லாம் பாடும்பறவை வரிசையில் வருபவை. காகமும் அந்த வரிசைதான். நான் பள்ளியில் உயிரியல் எடுத்த காலத்தில் இதைச் சொன்னாலே பின்வரிசைப் பெண்கள் சிரிப்பார்கள். இந்தப் பாகுபாடு குரலுறுப்பின் அமைப்பைப் பார்த்துச் செய்தது. இனிமைக்கு மதிப்பெண் போட்டுச் செய்ததில்லை.

கற்கிற பறவை யாரிடம் கற்கும்? அக்கம் பக்கத்தில் பாடும் பெரியவர்களிடம். 1950களில் கேம்பிரிட்ஜில் வில்லியம் தோர்ப் என்பவர் சாஃபிஞ்ச் என்ற குருவியின் குஞ்சுகளைப் பெரியவர்களின் பாட்டே காதில் விழாமல் வளர்த்தார். அவை வளர்ந்து பாடத்தான் செய்தன. பாட்டின் நீளமும் ஏறக்குறைய சரியாக இருந்தது. உள்ளே இருக்க வேண்டிய நுணுக்கம்தான் இல்லை. பாட வேண்டும் என்ற உந்துதல் பிறவியிலேயே வருகிறது. எதைப் பாடுவது என்பதை ஊர்தான் கொடுக்கிறது.

தோர்ப்பிடம் பயின்ற பீட்டர் மார்லர் கலிபோர்னியாவுக்குப் போனார். அங்கே சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றி வெண்முடிச் சிட்டு என்றொரு பறவை. அதன் பாட்டு விரிகுடாவின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு விதம். கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் விட்டாலும், பழகிய காது உள்ளவர் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம் என்கிற அளவுக்கு வேறுபாடு. இது மரபில் வருவதில்லை, கேட்டுக் கற்பது என்று மார்லரும் மிவாகோ தமுராவும் 1964இல் எழுதினார்கள். குஞ்சு பொரிந்து பத்தாம் நாளிலிருந்து ஐம்பதாம் நாள் வரைக்கும் காதில் விழுவதைத்தான் அது பிடித்துக்கொள்கிறது என்பதும் பின்னர் மார்லரின் சோதனைகளில் தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த வயதில் குஞ்சு ஒரு வரி கூடப் பாடாது. கேட்டதை மனத்தில் வைத்திருந்து, மாதங்கள் கழித்து முணுமுணுத்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தித்தான் பாட்டை நிலைப்படுத்துகிறது.

இந்த அமெரிக்கக் கதையை அப்படியே நம் குண்டுக்கரிச்சான் மேல் ஒட்டிவிடாதீர்கள். வெண்முடிச் சிட்டின் ஆண் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் ஒரே பாட்டைப் பாடுகிறது. ஆகவே ஒன்றைக் கேட்டால் அந்த ஊரைக் கேட்டதுபோல. குண்டுக்கரிச்சான் அப்படியில்லை. ஒவ்வோர் ஆணிடமும் நிறைய இசைத் துணுக்குகள். அவற்றை மாற்றி மாற்றி அடுக்கும். ஆத்தங்குடிக் கற்கள் ஒரே ஊரில் செய்தவைதான் என்றாலும் இரண்டு வளவுகளின் தரை ஒன்றுபோல் இருப்பதில்லையே, அப்படி. போதாததற்கு மற்றப் பறவைகளின் குரலையும் நடுவில் செருகிக்கொள்ளும். தேவகோட்டையிலேயே பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கும் இரண்டு ஆண்கள் வேறு வேறாகப் பாடும். கோவையில் ஒன்றையும் தேவகோட்டையில் ஒன்றையும் கேட்டு "கொங்குப் பறவை, செட்டிநாட்டுப் பறவை" என்று தீர்ப்பு எழுதினால், இரண்டு தனிப்பறவைகளின் குணத்தை இரண்டு ஜில்லாக்களின் தலையில் கட்டியதாகிவிடும்.

குயில் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் கூவுகிறதா? காரைக்குடிக் குயிலுக்கும் சென்னைக் குயிலுக்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.
— வாசகர், காரைக்குடி

உங்கள் காது நல்ல காது. குயில் கற்றுப் பாடுவதில்லை. அந்தக் கூவல் அதன் பிறப்போடு வருவது. கற்றுத்தான் கூவ வேண்டும் என்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அது பொரிவது காக்கைக் கூட்டில், தின்பது காக்கை ஊட்டுவதை, நாள் முழுக்கக் கேட்பது காக்கைக் குரலை. அப்படியும் வளர்ந்த ஆண் குயில் கூவத்தான் செய்கிறது. கவிஞர்கள் குயிலைப் பாடகர்களில் தலையாயதாக வைத்தார்கள். உயிரியல் பாடும்பறவைப் பட்டியலில் அதற்கு இடமில்லை, அதை வளர்க்கும் காகத்துக்கு உண்டு. குயில் ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். நானும் சித்திரை மாதம் அதைக் கேட்கக் காத்திருக்கிறவள்தான்.

புறா, செம்போத்து, ஆள்காட்டி, கோழி எல்லாம் இதே கட்சி. சேவல் திருப்பத்தூரில் ஒரு விதம், திருமயத்தில் ஒரு விதம் கூவும் என்று யாரும் எழுத வேண்டாம்.

வங்கிப் பணியில் வடக்கே பல ஊர்களில் இருந்தேன். நம் ஊரில் 'அக்கா, அக்கா' என்று கத்தும் அக்கா குயிலை அங்கே ஒவ்வோர் ஊரிலும் வேறு மாதிரிச் சொல்கிறார்கள். அப்படியென்றால் குரல் மாறித்தானே இருக்க வேண்டும்?
— ஓய்வுபெற்ற வாசகர், பள்ளத்தூர்

இங்கே குரல் மாறவில்லை ஐயா, காது மாறுகிறது. அக்கா குயிலின் கூவல் மூன்று அசை கொண்டது. ஒவ்வொரு முறையும் சுருதி ஏறிக்கொண்டே போய், உச்சியில் திடீரென்று அறுந்து நிற்கும். இந்தி பேசுகிறவர்கள் அதைப் 'பீ கஹாங்' என்று, காதலன் எங்கே என்ற கேள்வியாகக் கேட்கிறார்கள். மராத்தியர் 'பாவுஸ் ஆலா', மழை வந்துவிட்டது என்கிறார்கள். வங்காளிகளுக்கு 'சோக் கேலோ', கண் போச்சே என்ற அலறல். வெயிலில் வெந்த வெள்ளைக்காரத் துரைமாருக்கோ அது 'பிரெய்ன் ஃபீவர்', மூளைக்காய்ச்சல். எல்லோரும் கேட்டது ஒரே பறவையைத்தான். இதுவும் குயில் குடும்பம். தவிட்டுக்குருவிக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அங்கே வளரும் குஞ்சும் தவிட்டுக்குருவியின் சலசலப்பைக் கற்றுக்கொள்வதில்லை.

ஆகவே ஊருக்கு ஊர் வேறுபாடு என்று கேட்டால், வேறுபடுவது பறவையா நாமா என்பதை முதலில் பிரித்துவிட வேண்டும். இதற்கு என்ன வழி என்பதைக் கீழே கல்லூரி மாணவருக்கு எழுதியிருக்கிறேன்.

எங்கள் ஐயா காலத்திலிருந்து மலேசியாவில் இருக்கிறோம். கானாடுகாத்தான் வீட்டுக்கு ஆண்டுக்கொரு முறை வருகிறோம். கோலாலம்பூரில் முராய் என்று சொல்லும் பறவையும் இங்கே உள்ள குண்டுக்கரிச்சானும் ஒன்றுதானா? பாட்டு வேறாகத் தோன்றுகிறது. என் அப்பச்சி, 'அது மலாய் பேசுகிறது' என்று சிரிப்பார்.
— வாசகி, கோலாலம்பூர்

இனம் ஒன்று, கிளை வேறு. மலேசியத் தீபகற்பத்தில் இருப்பதற்கு 'முசிகஸ்' என்று கிளைப்பெயர். காவிரிக்குத் தெற்கே நம் பக்கத்தில் இருப்பது இலங்கையில் உள்ள அதே கிளை. இந்தத் தென்கிளையில் பெண்ணும் ஏறக்குறைய ஆணைப்போலவே கறுப்பாக இருக்கும். வடக்கே போனால் பெண் சாம்பல் நிறமாக வெளிறிவிடும். கானாடுகாத்தானில் ஆணும் பெண்ணும் குழம்புவது உங்கள் கண்ணின் குறையில்லை. வங்கதேசத்தில் இதுதான் தேசியப் பறவை. அந்த நாட்டின் பழைய இரண்டு டாக்கா பண நோட்டில் இதன் படம் போட்டிருந்தார்கள். நாமோ 'கரிச்சான்' என்ற பெயரை இரட்டைவால் குருவிக்கும் கொடுத்துவிட்டு, அதனோடு இதைக் குழப்பிக்கொண்டு இருக்கிறோம்.

நடுவில் ஒரு கடலே கிடக்கும்போது பாட்டில் வேறுபாடு இருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் உங்கள் அப்பச்சியின் சிரிப்புக்கு அடியில் ஒரு வருத்தமான செய்தியும் இருக்கிறது. இந்தப் பறவையின் பாட்டே அதற்கு எமனாயிற்று. தென்கிழக்காசியாவில் பாட்டுக்காகக் கூண்டில் அடைக்கும் பழக்கம் பெரிது. சிங்கப்பூரில் ஒரு காலத்தில் எங்கும் இருந்த பறவை, பிடித்ததும் ஒரு காரணமாக 1970களில் அருகிப்போனது. பிறகு அதைத் திரும்பக் கொண்டுவர முயற்சி எடுக்க வேண்டியதாயிற்று.

பறவை குறைந்தால் எண்ணிக்கை மட்டும் குறைவதில்லை. ஆஸ்திரேலியாவில் ரீஜன்ட் தேனுண்ணி என்றொரு பறவை 300 அளவுக்குச் சுருங்கிவிட்டது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி வாழும் இளம் ஆண்களுக்குப் பாட்டுச் சொல்லித்தரப் பக்கத்தில் பெரியவர் இல்லை. 2021இல் வெளிவந்த ஆய்வின்படி, ஆண்களில் சுமார் 12 சதவீதம் வேறு இனப் பறவைகளின் பாட்டைப் பாடித் திரிந்தன. சொந்தப் பாட்டுத் தெரியாத ஆணைப் பெண் தேடி வருவது குறைகிறது. அதனால் குஞ்சும் குறைகிறது. உயிரியல் பூங்காவில் வளர்க்கும் குஞ்சுகளுக்கு இப்போது சரியான பாட்டைக் கேட்கவைத்துப் பழக்குகிறார்கள்.

எதிர்த் திசையிலும் ஒரு கதை உண்டு, உங்களுக்குப் பிடிக்கும். கனடாவில் வெண்தொண்டைச் சிட்டு தன் பாட்டை மூன்று மூன்று சுரமாக முடிப்பதுதான் வழக்கம். மேற்கு மூலையில் ஒரு கூட்டம் இரண்டு இரண்டாக முடிக்கத் தொடங்கியது. அந்தப் புது முடிப்பு கிழக்கு நோக்கி 3,000 கிலோமீட்டருக்கு மேல் பரவிப் பழையதைத் தள்ளிவிட்டது என்று 2020இல் எழுதினார்கள். குளிர்காலத்தில் வேறு வேறு ஊர்ப் பறவைகள் ஓரிடத்தில் கூடும்போது இளசுகள் புதுப் பாட்டைக் காதில் வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. நோன்புக்கு வந்து கூடும் பேரப்பிள்ளைகளைப் பார்க்கிற எனக்கு இதில் நம்ப முடியாதது எதுவும் தெரியவில்லை.

காரைக்குடி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு குண்டுக்கரிச்சான் இரவு மூன்று மணிக்கே பாடத் தொடங்கிவிடுகிறது. கிராமத்தில் என் மாமியார் வீட்டில் அப்படியில்லை. தெருவிளக்கால் விடிந்துவிட்டது என்று ஏமாறுகிறதா? வீட்டில் பாட்டி 'அகாலத்தில் பாடினால் ஆகாது' என்கிறார்.
— வாசகி, காரைக்குடி

பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: அது குடும்பத்துக்குச் செய்தி சொல்லவில்லை, பக்கத்து மரத்து ஆணுக்கு எல்லை சொல்கிறது.

விளக்கு ஒரு காரணமாக இருக்கலாம். சத்தத்தையும் மறந்துவிடாதீர்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ராபின் பறவை இரவில் பாடுவதை ஆராய்ந்து 2007இல் எழுதினார்கள். ராபினும் நம் குண்டுக்கரிச்சானும் ஒரே குடும்பம். பகலில் எங்கே இரைச்சல் அதிகமோ அந்த இடங்களில்தான் அது இரவில் பாடியது. விளக்கைவிட இரைச்சலோடுதான் அதற்குத் தொடர்பு வலுவாக இருந்தது. பகலில் பஸ் ஹாரனோடு போட்டியிட்டுத் தொண்டையைப் புண்ணாக்கிக்கொள்வதைவிட, ஊர் அடங்கியபின் பாடுவது புத்திசாலித்தனம்தானே.

சில பறவைகள் நேரத்தை மாற்றாமல் சுருதியை மாற்றிக்கொள்கின்றன. வண்டிகளின் இரைச்சல் பெரும்பாலும் கீழ்ச்சுருதியில் உறுமுவது. நெதர்லாந்தின் லைடன் நகரில், இரைச்சல் மிகுந்த தெருக்களில் வாழும் பட்டாணிக்குருவி இனப் பறவைகள் பாட்டின் அடிச்சுருதியை உயர்த்திப் பாடின என்று 2003இல் கண்டார்கள். இதற்கு மறுபக்கச் சான்று கொரோனா ஊரடங்கில் கிடைத்தது. 2020 வசந்தத்தில் சான் பிரான்சிஸ்கோவின் சாலைகள் அடங்கியபோது, நான் மேலே சொன்ன அதே வெண்முடிச் சிட்டுகள் குரலைத் தாழ்த்திப் பாடின. அதுவரை இரைச்சலில் மூழ்கியிருந்த கீழ்ச்சுருதிகளும் பாட்டுக்குள் திரும்பி வந்தன. அந்த நகரின் வாகன இரைச்சல் அப்போது 1950களின் நடுப்பகுதியில் இருந்த அளவுக்கு இறங்கியிருந்ததாம். ஊரடங்கில் "பறவைகள் சத்தமாகப் பாடுகின்றன" என்று எல்லோரும் சொன்னோமே, உண்மையில் அவை மெதுவாகப் பாடின, நமக்குத்தான் கேட்டது.

ஆகவே நகரத்துப் பாட்டு, கிராமத்துப் பாட்டு என்ற பிரிவு கற்பனையில்லை. உங்கள் மாமியார் எந்த ஊரோ தெரியவில்லை. அங்கே சாலை வந்து லாரி ஓடத் தொடங்கினால் அந்த ஊர்ப் பறவையும் யோசிக்கத் தொடங்கும்.

விலங்கியல் முதுகலை படிக்கிறேன். செட்டிநாட்டுப் பறவைகளின் வட்டாரக் குரல் வேறுபாட்டைத் திட்டப்பணியாக எடுக்கலாமா? இந்தியாவில் யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா? கைப்பேசியில் உள்ள மெர்லின் செயலி எங்கள் பக்கப் பறவையின் குரலைச் சில நேரம் தவறாகச் சொல்கிறது. அதுவே வட்டார வழக்குக்குச் சான்று என்று எடுத்துக்கொள்ளலாமா?
— மாணவர், காரைக்குடி

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில்: கூடாது. செயலிக்குப் பாடம் யாரோ அனுப்பிய ஒலிப்பதிவுகள். நம் பக்கத்திலிருந்து பதிவுகள் குறைவாகப் போயிருந்தாலும் அது தடுமாறும், காற்றடித்தாலும் தடுமாறும். தவறாகச் சொன்னது செயலி; அந்தத் தவறைப் பறவையின் கணக்கில் எழுதலாமா?

இந்தியாவில் செய்திருக்கிறார்கள், அதுவும் நமக்கு எட்டும் தூரத்தில். மேற்கு மலைத்தொடரின் உயரமான சோலைக்காடுகளில் சோலைக்கிளி என்று ஒரு சிறு பறவை. பெயரில்தான் கிளி; அதுவும் குண்டுக்கரிச்சான் குடும்பம்தான். சோலைக்காடு மலையுச்சிகளில் தீவு தீவாக இருப்பதால், ஒரு மலைப் பறவை இன்னொரு மலைக்குப் போவது அரிது. வி. வி. ராபினும் கூட்டாளிகளும் மலை மலையாகப் பாட்டைப் பதிவு செய்து, மலைக்கு மலை பாட்டு வேறுபடுவதை 2011இல் காட்டினார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரிப் பக்கம் இருப்பதும் தெற்கே ஆனைமலை, பழனிமலைப் பக்கம் இருப்பதும் இன்று இரண்டு தனி இனங்கள். அது மிகப் பழைய பிரிவு. ஆனால் 2016இல் சேதனா புருஷோத்தமும் ராபினும் எழுதியதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. தேயிலைக்கும் மரத்தோட்டத்துக்கும் காட்டை வெட்டியதால் அண்மைக் காலத்தில் துண்டுபட்ட சோலைகளிலும் பாட்டின் சில கூறுகள் வேறுபடத் தொடங்கிவிட்டன. மரபணு பிரிய நெடுங்காலம் ஆகும். பாட்டு அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை.

இப்போது நம் ஊர். இங்கே மலையும் இல்லை, கணவாயும் இல்லை. கருவேலமும் பனையும் கண்மாயுமாக ஒரே சமவெளி. பறவை தடையில்லாமல் போய்வரும் இடத்தில் பாட்டும் கலந்துதான் இருக்கும் என்று நான் ஊகிக்கிறேன். அதற்காக விட்டுவிடாதீர்கள். காரைக்குடிக்கும் திருமயத்துக்கும் வேறுபாடு இல்லை என்று முறையாகக் காட்டினால் அதுவும் முடிவுதான். வழிகாட்டி முகம் சுளித்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

குண்டுக்கரிச்சானை எடுக்காதீர்கள், அதன் துணுக்குகளை எண்ணி முடிப்பதற்குள் உங்கள் படிப்பு முடிந்துவிடும். அதன் குரல் வகைகளை மட்டும் பிரித்தறிய ஹரித்வாரில் தினேஷ் பட், அனில் குமார் போன்றவர்கள் எவ்வளவு உழைத்தார்கள் என்று அவர்கள் 2000ஐ ஒட்டி எழுதிய கட்டுரைகளைப் படித்தால் தெரியும். குறுகிய பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடும் பறவையை எடுங்கள். ஊதாத் தேன்சிட்டு நல்லது. வேப்பமர உச்சியில் தெரியும்படி உட்கார்ந்து பாடும். ஒவ்வோர் ஊரிலும் வேறு வேறு ஆண்களாகப் பலவற்றைப் பதிவு செய்யுங்கள். ஒரே ஆணை இருபது முறை பதிவு செய்தாலும் அது ஓர் ஆண்தான். எல்லா ஊரிலும் ஒரே மாதம், ஒரே பொழுது. பதிவின் தொடக்கத்திலேயே தேதி, நேரம், இடம், பறவை எங்கே உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் சாலை இருக்கிறதா என்பதை உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். தாளில் எழுதினால் தொலைத்துவிடுவீர்கள், என் மாணவிகள் எல்லோரும் தொலைத்தார்கள்.

பிறகு காதை நம்பாமல் ஒலிவரைபடமாக்கிப் பாருங்கள். பள்ளத்தூர் ஐயாவுக்குச் சொன்ன வழி இதுதான். நேரம் கிடைமட்டத்தில், சுருதி செங்குத்தில் விழும். ஒவ்வொரு சுரத்தின் நீளம், உச்சம், அடிமட்டம் எல்லாவற்றையும் அளந்துவிடலாம். தோர்ப் காலத்தில் இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டியிருந்தது. இன்று ஆடாசிட்டி, ரேவன் லைட் போன்ற இலவச மென்பொருளே போதும். எந்த ஊர் என்ற பெயரை மறைத்துவிட்டு நண்பர் ஒருவரை வரைபடங்களைக் குழு குழுவாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஊர்வாரியாகப் பிரிந்தால் பேசலாம். முன்கூட்டியே ஊர்ப்பெயர் தெரிந்தால் கண் தானாகவே வேறுபாட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும்.

ஒரு கண்டிப்பு. பதிவு செய்த பாட்டைப் பறவைக்கே போட்டுக் காட்டும் விளையாட்டைக் கூடு கட்டும் பருவத்தில் செய்யாதீர்கள். புதிதாக ஓர் எதிரி எல்லைக்குள் வந்துவிட்டான் என்று நம்பி, இரை தேட வேண்டிய நேரத்தைச் சண்டைக்கு அலைந்து கழிக்கும். ஆய்வாளர்கள் இதைச் செய்கிறார்கள் என்பீர்கள். உள்ளூர்ப் பாட்டுக்கு ஆண் அதிகமாகச் சீறும், அசலூர்ப் பாட்டுக்குக் குறைவாகச் சீறும் என்று பல இனங்களில் அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். அவர்கள் அதை அளவோடு, உரிய அனுமதியோடு செய்கிறார்கள். பறவையைப் பிடிப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தை முழுதாக எழுதி அனுப்பியிருப்பேன்.

இரட்டைவால் குருவி எங்கள் தோட்டத்தில் வைரி என்னும் வேட்டைப்பறவையைப்போல் கத்துகிறது. கோட்டையூரில் மட்டும்தான் இப்படியா?
— வாசகர், கோட்டையூர்

இல்லை. வைரி வந்துவிட்டது என்று மைனாக்களை மிரட்டி ஓட்டிவிட்டு, அவை போட்டுப்போன இரையைத் தின்னும் தந்திரம் அதற்கு எங்கும் உண்டு. உள்ளூரில் எந்தக் குரலுக்கு மற்றவர்கள் பயப்படுவார்களோ அந்தக் குரலைப் பிடித்துக்கொள்ளும். வட்டார வழக்கு என்று கணக்கெழுதுகிறவர்கள் இந்த இனத்திடம் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்.

வேட்டங்குடியில் கூடு கட்ட வரும் நாரைகள் எங்கெங்கிருந்தோ வருகின்றன. அவற்றுக்குள்ளும் ஊர்ப்பேச்சு இருக்குமா, ஆச்சி?
— ஏழாம் வகுப்பு மாணவி, திருப்பத்தூர்

நல்ல கேள்வி, அம்மா. நத்தைகொத்தி நாரையும் மஞ்சள்மூக்கு நாரையும் வளர்ந்துவிட்டால் பெரும்பாலும் பேசுவதே இல்லை. கூட்டில் துணை வந்து இறங்கும்போது மேல் அலகையும் கீழ் அலகையும் தட்டி 'டக டக' என்று ஓசை எழுப்பும், அவ்வளவுதான். குஞ்சுகள் மட்டும் பசி என்று கத்தும். சரணாலயத்தில் நீ கேட்ட இரைச்சலில் பாதிக்கு மேல் அந்தக் குஞ்சுகளுடையதாக இருக்கும். மீதி வக்கா, கொக்கு, நீர்க்காகம்.

1977இல் சரணாலயமாக அறிவித்த இடம் அது. பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பது உனக்குத் தெரிந்திருக்கும். அடுத்த முறை போகும்போது கண்மாய்க் கரையோரம் புதரில் உட்கார்ந்து பாடும் சின்னஞ்சிறு கதிர்க்குருவியையும் கொஞ்சம் கவனி. நாரைக்குப் படம் எடுக்க நூறு பேர் வருகிறார்கள், அதற்கு யாரும் வருவதில்லை.